ஆபிரகாம் வாதாடிய வாரம்

தொண்ணூறுகளில், நான் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் புறநகரான மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சிறிய அச்சுக்கடையில் தட்டச்சு வேலை பார்த்தேன். வியாழன்தோறும் ஒரு யூதப் பெண் கையால் எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுவருவார். கிட்டத்தட்ட என் வயதுதான். அவர்களுடைய ஜெப ஆலயத்தில் தோராவை வாரத்துக்கு ஒரு பகுதியாக வாசித்து ஒரு வருடத்தில் முடிப்பார்கள்; முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அந்த வாரத்துப் பகுதி அன்றாட வாழ்க்கைக்கு என்ன சொல்கிறது என்பதைத்தான் ஆலயத்தின் வாரத் தாளுக்கு அவர் எழுதுவார். கையெழுத்து படுமோசம். அதனால் அவரைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டுதான் தட்டுவேன்.

தோரா எனக்குப் புதிதல்ல. எங்கள் வேதாகமத்தின் முதல் ஐந்து புத்தகங்கள்தான் அது. யாழ்ப்பாணத்தில் ஞாயிறு பாடசாலையில் அந்தக் கதைகளை ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள் நான். ஆனால் எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்றுதான்: கீழ்ப்படி.

1995 கடைசியில் யுத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. என் தங்கையும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக ஒரு தகவலும் இல்லை. அந்த வியாழன் அந்தப் பெண் கொண்டுவந்த பக்கம் சோதோமைப் பற்றியது. ஊரை அழிக்கப்போவதாகக் கடவுள் சொன்னதும் ஆபிரகாம் குறுக்கே நின்று வாதாடுகிறார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால்? முப்பது? பத்துப் பேர்? அதே வாரப் பகுதியின் முடிவில், பெற்ற மகனைப் பலிகொடு என்றபோது அதே மனிதர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை என்னால் மெச்ச முடியவில்லை என்று அந்தப் பெண் எழுதியிருந்தார்.

என் விரல்கள் நின்றுவிட்டன. இப்படி எழுத உங்களை விடுவார்களா என்று கேட்டேன்.

"யாராவது எதிர்த்து எழுதுவார்கள். அடுத்த வாரம் அதையும் நீங்கள்தான் தட்டவேண்டிவரும்," என்றார்.

பிறகு, முகம் ஏன் வாடியிருக்கிறது என்று விசாரித்தார். தங்கையைப் பற்றிச் சொன்னேன். பிள்ளைகளுக்கு எத்தனை வயது என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை மாலை அதே நகரத்தின் மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு வீட்டில் எங்கள் ஜெபக்கூட்டம். அங்கிருந்த எல்லோருக்கும் ஊரில் யாரோ ஒருவர் காணாமல் இருந்தார். கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. எங்கள் சனம் ஆண்டவரை மறந்ததால்தான் இது வந்தது, முறுமுறுக்காமல் ஏற்றுக்கொள்வோம் என்றார். சிலர் ஆமென் சொன்னார்கள். நான் எழும்பினேன். பக்கத்தில் இருந்த என் கணவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணை, தங்கச்சியின்ரை சின்னவளுக்கு நாலு வயசு. அவள் என்ன பாவம் செய்தவள்?"

"கடவுளைக் கேள்வி கேக்கேலாது, தங்கச்சி."

"ஆபிரகாம் கேட்டவர். தன்ரை ஊர்கூட இல்லை அது. நான் என்ரை ஊருக்காகக் கேக்காமல் இருக்கமாட்டன்."

அப்படியே நின்றபடி ஜெபித்தேன். கெஞ்சவில்லை. ரோட்டில் நிற்கிற சனத்துக்குள் பத்து நல்லவர்கள் இல்லையா என்று கடவுளிடமே கேட்டேன். பின்வரிசையில் ஒரு பெண் ஆமோதித்து மெல்ல "ஓம்" என்றாள்.

மறுநாள் கூட்டத்தை நடத்துகிறவர் என் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார். அடுத்த கூட்டத்தில் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் வேதம் வாசிக்கிறவர்களின் பட்டியலில் இருந்து என் பெயரை எடுத்துவிடுவாராம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று கணவர் கெஞ்சினார். மாட்டேன் என்றேன். பெயரை எடுத்தார்கள். நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. வாராவாரம் முன்வரிசையில் போய் இருந்தேன். ஜெப விண்ணப்பம் உண்டா என்று கேட்கும்போதெல்லாம் எழும்பி அதே கேள்வியைக் கேட்டேன். மூன்றாவது வாரம் "ஓம்" சொன்ன பெண்ணும் என்னோடு எழும்பினாள்.

டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு தங்கையின் கடிதம் வந்தது. கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். அவர்களோடு நடந்துவந்த பக்கத்து வீட்டு அம்மா வழியிலேயே இறந்துபோயிருந்தார். கூட்டத்தில் கடிதத்தை வாசித்தேன். தங்கை குடும்பம் தப்பியதற்கு ஆண்டவருக்கு நன்றி சொல்வோம் என்றார் கூட்டத்தை நடத்துகிறவர்.

"நன்றி சொல்லுவம், அண்ணை. அந்த அம்மா ஏன் ரோட்டில சாகவேணும் எண்டும் கேப்பம்."

அவர் கண்ணை மூடினார். பிறகு அந்த அம்மாவுக்காகவும் ஜெபித்தார். கேள்வியை அவர் கேட்கவில்லை. அதை நான் கேட்டேன், எல்லோருக்கும் கேட்கும்படி.