மழை வந்த மதியம் எரிந்த மின்மாற்றி

வலங்கைமான் பக்கத்தில் எங்கள் வீடு. பின்னறையில் நான் சேர்த்து வைத்திருந்த ஆசிலாஸ்கோப்புகள் எல்லாம் செத்தவை. மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் பச்சைக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. ஆய்வுக்கூடங்கள் கழித்துப் போட்டவற்றைத் தஞ்சாவூர் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன். கடைக்கார பாய் ஒவ்வொரு முறையும் சொல்வார்: "ஒண்ணையாவது ஓட வச்சுக் காட்டுங்க சார். அப்புறம் நம்புறேன்."

அந்த ஒன்றுக்காக மற்றவற்றைப் பிரித்தேன். ஒன்றிலிருந்து திரைக்குழாய், இன்னொன்றிலிருந்து வால்வு எனும் கண்ணாடிக் குழல்கள், கடைசியாக இருந்ததிலிருந்து மின்மாற்றி. அப்படிப்பட்ட மின்மாற்றியை இப்போது யாரும் செய்வதில்லை. மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

அந்த ஐப்பசியில் மழை இல்லை. வாய்க்கால் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு எட்டவில்லை. சம்பா காய்ந்தது. மும்முனை மின்சாரம் வந்ததும் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் ஓடும். வீட்டில் மின்விசிறி சோம்பிச் சுற்றும். குறைந்த மின்னழுத்தத்தை ஈடுகட்ட, அதைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் பெட்டியின் குமிழைத் திருகி உயர்த்தி வைத்துத்தான் வேலை செய்வேன்.

அன்று மதியம் திரையில் பச்சைப் புள்ளி வந்தது. பிறகு அது கோடாக நீண்டது. மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து பார்த்தாள்.

"இதுக்கா இத்தனை வருஷம்? ஸ்கேல் வச்சு நானே போட்டுக் குடுத்திருப்பேனே."

அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே குழல்விளக்கு பளீரென்று வெளுத்தது. என் கை குமிழுக்குப் போவதற்குள் கருவிக்குள் சடசடவென்று ஒரு சத்தம், வார்னிஷ் கருகிய வாடை. ஃபியூஸ் அதற்குப் பிறகுதான் போனது.

வயலிலிருந்து தம்பி கைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணே, மழைண்ணே. கொட்டுது. எல்லாரும் மோட்டார நிறுத்திட்டு வரப்புல நனைஞ்சுகிட்டு நிக்கிறோம். அங்க வந்துருச்சா?"

"இன்னும் வரலப்பா."

"வந்துரும். பயிரு பொழச்சுதுண்ணே."

"நல்லதுப்பா."

எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் நின்றதில் மின்னழுத்தம் எகிறியிருக்கிறது. என் குமிழ் உயரத்திலேயே இருந்தது.

மனைவி சன்னலைத் திறந்துவிட்டாள். "வேற கிடைக்காதா?" என்று கேட்டாள். அலமாரியில் நான் பிரித்த கருவிகளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன, உள்ளே ஒன்றுமில்லாமல். சற்று நேரத்தில் எங்கள் வீட்டின் மேலும் மழை விழுந்தது.

நெல் விளைந்து அறுப்பும் முடிந்த பிறகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். பாய் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன சார், வாங்குன எடை இல்லையே."

"ஒண்ணு ஓடுச்சு பாய்."

அவர் தராசிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சரி சார்," என்றார்.