முந்நூறு கட்டுரைகளும் ஓர் ஆயுத பூஜையும்

அந்த வருஷங்களில் விருத்தாசலத்திலேயே ஆய்வுக் கட்டுரைகளை என்னைப்போல் ஒழுங்காக வைத்திருந்தவர் யாரும் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பகலில் பீங்கான் சோதனைக்கூடத்தில் வேலை. மிச்ச நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வு. பீங்கான் மெருகில் மயிரிழைபோல் வெடிப்பு விழுகிறதே, அதைப் பற்றி. பிரவுசிங் சென்டரில் இறக்கிய பிடிஎஃப்களைப் பென் டிரைவில் கொண்டுவந்து வீட்டு லேப்டாப்பில் போடுவேன். மேற்கோள்களை அடுக்கி வைக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தேன். அதில் கட்டுரைக்கு ஒரு பதிவு: தலைப்பு, எழுதியவர், ஆண்டு. அந்தப் பதிவோடு பிடிஎஃப்பை இணைத்துவிட்டால், தட்டியதும் கட்டுரை திறந்துகொள்ளும். முந்நூறுக்கு மேல் இணைத்திருந்தேன்.

சென்னையில் இருந்த என் நெறியாளர் கறாரானவர். “திங்கட்கிழமை லேப்டாப்போட வாம்மா. நான் எந்த வரியில விரல் வெச்சாலும் அதுக்கான கட்டுரை திறக்கணும். திறந்தா கையெழுத்து” என்று சொல்லியிருந்தார். கால நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு தடவை வாங்கியாகிவிட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் ஆறு வருஷ உழைப்பு கோவிந்தா.

அதற்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை வந்தது. என் வீட்டுக்காரர் பியூஸ் கட்டை செய்யும் சின்னப் பீங்கான் பட்டறை நடத்தினார். பூஜைக்கு முன்னால் அங்கே எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, அச்சுகளை இனம் பிரித்து ரேக்கில் அடுக்குவது வழக்கம். நான் கருவேப்பிலங்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த இரண்டு நாளில், மனுஷர் அதே சூட்டோடு லேப்டாப்பையும் சுத்தம் செய்துவிட்டார். பிடிஎஃப்கள் எல்லாம் வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு கிடந்ததைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லையாம். ஒன்று விடாமல் திறந்து, முதல் பக்கத்துத் தலைப்பையே பெயராக வைத்து, மண், மெருகு, சூளை என்று மூன்று ஃபோல்டரில் பிரித்திருந்தார். லேப்டாப் மூடியில் சந்தனமும் குங்குமமும் வேறு. மறுநாள் மறுபூஜை முடிகிறவரை அதைத் தொடக்கூடாது.

விஜயதசமி வெள்ளிக்கிழமை. பூஜை முடிந்ததும் திறந்தேன். எந்தப் பதிவைத் தட்டினாலும் கோப்பு இல்லை என்றே வந்தது. கோப்பு எந்த இடத்தில், எந்தப் பெயரில் இருந்தது என்பது மட்டும்தான் மென்பொருளுக்குத் தெரியும். இரண்டையும் மாற்றிவிட்டால் அது எங்கே போய்த் தேடும்?

“உங்கள யாருங்க இதத் தொடச் சொன்னது?”

“சுத்தமா இருக்கட்டும்னுதாம்மா செஞ்சேன்.”

“நல்லா செஞ்சீங்க. ஆறு வருஷத்த ரெண்டு நாள்ல தொடைச்சுட்டீங்க.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று அது வேப்பூர் வரைக்கும் கேட்டிருக்கும். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். நான் அதற்கான பதிவைத் தேடி இணைப்பேன். அவர் வைத்த பெயர்களால்தான் வேலை ஓடியது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோப்புகள் தீர்ந்தன. நான்கு பதிவுகள் மட்டும் வெறுமையாக நின்றன.

“ஃபைலு எல்லாம் முடிஞ்சுபோச்சு. இந்த நாலுக்கு எங்க இருக்குது?” என்று கேட்டார்.

நான் ஏற்கெனவே ஒரு பதிவில் இணைத்திருந்த கோப்பையே எடுத்து வெறும் பதிவிலும் இணைக்கப் போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“ஒரே ஃபைலு ரெண்டு எடத்துல எப்பிடிம்மா குந்தும்? தலைப்பே வேறயா இருக்குதே.”

அந்த நான்கு கட்டுரைகளும் என்னிடம் இருந்ததே இல்லை. நெறியாளரின் பழைய கட்டுரை ஒன்றின் கடைசியில் இருந்த பட்டியலைப் பார்த்து எழுதிக்கொண்டவை அவை. அவ்வளவு பெரிய மனுஷர் படிக்காமலா போட்டிருப்பார் என்ற தைரியம். இணைப்பு இல்லாத பதிவு கண்ணை உறுத்தியதால், கைக்குக் கிடைத்த பிடிஎஃப்பை அதில் ஒட்டிவைத்திருந்தேன். நாளாக ஆக, நான் செய்தது பொய் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இப்போது வீட்டுக்காரரிடம் அதைத் திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

“படிக்காமயே எழுதிட்டியா?” என்றார். பிறகு, “எங்க பட்டறையிலேர்ந்து இந்த மாதிரி சோதிக்காத ஒரு கட்டை போனா, மொத்த லோடையும் திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார்.

நான்கையும் அழித்தேன். மூன்று போனதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நான்காவதை எடுத்ததும் மூன்றாம் அத்தியாயத்தின் முக்கியமான பத்தி நொண்டியது. குவார்ட்ஸ் தூளைக் கூட்டினால் வெடிப்பு குறையும் என்று அடித்துப் பேசியிருந்ததை, நாங்கள் சுட்டுப் பார்த்த மாதிரிகளில் குறைந்தது என்று அடக்கி எழுதினேன். சாயங்காலம் அவருக்கு டீ கொடுக்கும்போது, “உங்கள அப்பிடிப் பேசினது தப்புதாங்க” என்றேன்.

“சரி வுடு. டீயில சக்கரை போட மறந்துட்ட” என்றார்.

திங்கட்கிழமை நெறியாளர் மூன்று வரிகளில் விரல் வைத்தார். மூன்றும் திறந்தன. பிறகு அந்தப் பத்திக்கு வந்து நின்றார்.

“போன தடவை இது தெம்பாப் பேசுச்சே. இப்ப ஏன் பம்முது?”

ஒரு புளுகு சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு நன்றாகவே வரும். “அதுக்கு ஆதாரமாக் காட்டின கட்டுரையை நான் படிச்சதே இல்ல சார். உங்க கட்டுரைப் பட்டியலைப் பாத்து எழுதினது. அதான் எடுத்துட்டேன்” என்றேன். சொல்லி முடித்ததும், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு அந்தப் பத்தியை இன்னொரு தடவை படித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தள்ளினார்.

“நானும் அதப் படிச்சதில்லம்மா” என்றார்.