பவுண் வேண்டாம், இரும்பு போதும்

பதினொரு நாள். நின்றுபோன இதயத்தை, மூன்று விலா எலும்புகள் முறிய அமத்தி ஓட வைத்தபின், அல்பேட் ஆஸ்பத்திரியில் மூச்சு மெசினில் கிடந்தது அத்தனை நாள். பிறகு போய்விட்டார். அந்தப் பதினொரு நாளும் அவர் மனைவி அன்ரனெற்றால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இருபது வருடம் கனடாவில், மிசிசாகாவில் ஓடும் பெல்ட்டின் முன்னால் நின்று விமானச் சாப்பாடு அடுக்கியவர். பார்த்துக்கொண்டு சும்மா இருந்து பழக்கமில்லை.

எழுபத்துநாலு வயதில் அவருடைய இதயமும் தளர்ந்தது. டொக்டரிடம் போய், அது நின்றால் திரும்ப ஓட வைக்க வேண்டாம் என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கினார். கையில் ஒரு எவர்சில்வர் கைச்சங்கிலி ஏறியது. 'உயிர்ப்பிக்க வேண்டாம், படிவம் கைப்பையில்' என்று அதில் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது.

மகன் கிளிபோட் அதை இரும்பு என்றான். "அம்மா, மெலனியின்ர கலியாணத்துக்கும் உதைப் போட்டுக்கொண்டே வரப் போறியள்? சனம் என்ன கதைக்கும்?"

"செத்தாப் பிறகு சனம் கதைக்கிறது எனக்குக் கேக்காதடா."

அவன் விடவில்லை. அதே எழுத்துகளோடு இருபத்திரண்டு கரட் பவுணில் ஒன்று செய்வித்துக் கொண்டுவந்தான். பேத்தியின் கலியாணமாயிற்றே, போட்டுக்கொண்டார்.

மார்க்கம் மண்டபத்தில், கேக் வெட்ட முன்னர், கண் இருட்டிக் கதிரையிலிருந்து சரிந்தார். வாய் எழவில்லை, காது மட்டும் கேட்டது.

"அம்புலன்சுக்கு அடியுங்கோ!" மைத்துனி வேரோனிக்காவின் குரல். அடுத்த மூச்சில், "முதல்ல நகையைக் கழட்டுங்கோ! ஆஸ்பத்திரியில துலைஞ்சிடும்!"

சங்கிலி, காப்பு, புதுக் கைச்சங்கிலி எல்லாம் வேரோனிக்காவின் பைக்குள் போயின. அம்புலன்ஸ்காரர் வந்து பிடித்தது வெறும் கையை.

இதயம் நிற்கவில்லை, பிறஷர் இறங்கியதுதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அன்ரனெற் மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"பாத்தியே கிளிபோட்? பவுண் எண்டா எங்கட சனம் என்னைக் காப்பாத்த முன்னம் அதைத்தான் காப்பாத்தும்."

அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. "அப்பாவுக்கு அம்புலன்ஸைக் கூப்பிட்டது நான்தானேயம்மா. உந்த எழுத்தை வாசிக்க எனக்கு ஏலாது."

"நீ வாசிக்க வேண்டாம். வாறவன் வாசிச்சாச் சரி. இரும்பை எங்க வைச்சனி?"

"காருக்குள்ள."

"ஓடு. எடுத்துக்கொண்டு வா."

கொண்டுவந்து அவனே கொளுவிவிட்டான்.

பவுண் கைச்சங்கிலி மெலனிக்கு. எழுத்தை அழித்துத் தருவதாக நகைக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை கிளிபோட் கொண்டுபோகிறான்.