ஆள் ஏறும் நேரம்

லிஃப்ட் கம்பெனியில் அவளை எல்லாரும் ஸ்பானர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கண்டாலும் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் வீட்டு மிக்ஸி கூட அவளுக்குப் பயந்துகொண்டுதான் ஓடியது.

அவள் வீட்டுக்காரர் ரொட்டி போடுகிறவர். பொழுது சாய்ந்து பேக்கரிக்குப் போனால் விடியும்போதுதான் திரும்புவார். அவர் வந்து படுக்க, இவள் எழுந்து கிளம்ப, ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது பிழைப்பு. இவள் வேலை முடிந்து வருவதற்கும் அவர் கிளம்புவதற்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டரைச் சொந்தக் கையால் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினாள். கேபினெட் ஒரு கடை, கிராபிக்ஸ் கார்டு இன்னொரு கடை என்று பார்த்துப் பார்த்து வாங்கியது. அதில் ஒரு படகு விளையாட்டு. இடது துடுப்பு அவருக்கு, வலது துடுப்பு அவளுக்கு. இருவரும் சேர்ந்து போட்டால்தான் படகு நேராகப் போகும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும்.

ஆனால் படகு எங்கே நகர்ந்தது! அவர் வந்து சோபாவில் உட்காருவார். இவள் கம்ப்யூட்டரைப் போடுவாள். விண்டோஸ் அப்டேட் கேட்கும். அது முடிந்தால் கிராபிக்ஸ் டிரைவர் கேட்கும். அதையும் போட்டால், நான் மட்டும் என்ன இளிச்சவாயனா என்று அந்தப் படகு விளையாட்டும் தன் பங்குக்கு ஒன்றை இறக்கச் சொல்லும். எல்லாம் முடிந்து துடுப்பைத் தொட்டால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் உறுமும்.

"தூசிங்க. ஒரு நிமிஷம்" என்று தரையில் உட்கார்ந்து பக்கவாட்டு மூடியைக் கழற்றுவாள்.

"ஒரு நிமிஷம்னுதான் நேத்தும் சொன்ன."

"இங்க பாருங்களேன், கார்டு எப்படி பளபளன்னு இருக்கு!"

"நான் எங்க கார்டைப் பாக்குறேன்? ஒரு வருஷமா உன் முதுகைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் சிரித்தாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. இயந்திரம் லேசாக முனகினால் ஓடிப்போய்ப் பார்க்கிறவளுக்கு மனுஷன் முனகியது கேட்கவில்லை என்றால் என்ன சொல்ல!

அடுத்த வாரம் அவர் டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் கன்சோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேக்கரியில் கூட வேலை செய்கிறவர் புதிது வாங்கிவிட்டதால் பழசைக் கொடுத்தாராம். டிவியில் சொருகினார், பொத்தானை அமுக்கினார், அவ்வளவுதான், கார் ரேஸ் ஆரம்பித்துவிட்டது.

"என்னங்க இது, டப்பா? பிடிச்ச பார்ட்ட மாத்த முடியாது, ஒண்ணும் முடியாது..."

"மாத்த வேணாம்னுதானே கொண்டு வந்தேன். இந்தா, கன்ட்ரோலரைப் பிடி."

வேண்டாவெறுப்பாகப் பிடித்தாள். ஆனால் அந்த வாரம் வீடு எப்படிக் கலகலவென்று இருந்தது தெரியுமா! இவள் அவருடைய காரை இடித்துத் தள்ள, அவர் "அடிப்பாவி!" என்று கத்த, நேரம் போனதே தெரியவில்லை. கன்சோலும் அப்டேட் கேட்கிற ஜாதிதான். ஆனால் அதையெல்லாம் அவர்கள் இல்லாத நேரத்தில் தானே சத்தமில்லாமல் முடித்துக்கொண்டது.

இவள் கை சும்மா இருக்குமா? ஒரு நாள் கன்சோல் லேசாக இரைந்தது. அவருக்கு அது கேட்கவே இல்லை. அவர் முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள் கன்சோல் தரையில் மூடி கழன்று கிடந்தது. திருகுகள் ஒரு கிண்ணத்தில், டார்ச் இவள் வாயில்.

அவர் துண்டும் கையுமாக நின்று பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூடத் தேவலை.

"இதுவும் போச்சா? சரி, நான் கிளம்புறேன். மாவு பிசையிற ஆளு இன்னைக்கு லீவு."

யாரும் லீவு இல்லை என்று அவளுக்குத் தெரியும். இன்னும் முக்கால் மணி நேரம் மிச்சம் இருந்தது.

அவர் தலை மறைந்ததும் கன்சோலைத் திரும்பப் பூட்டினாள். நன்றாகத்தான் ஓடியது. ஓடி என்ன? தனியாக உட்கார்ந்து என்ன விளையாட்டு என்று, அவர் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரையோ கன்சோலையோ அவள் அதுவரை தொட்டதே கிடையாது. இனிமேல் அவர் தினமும் சீக்கிரமே கிளம்பிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது.

மறுநாள் காலை ஒரு ஆபீஸ் கட்டடத்தில் வேலை. பையும் குடையுமாகக் கூட்டம் லிஃப்ட் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கூட வந்த மெக்கானிக் 'வேலை நடக்கிறது' என்ற போர்டை மாட்டிவிட்டு லிஃப்டைத் திறக்கப் போனான். அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம்.

"யோவ், அறிவிருக்கா? ஆள் ஏறுற நேரத்துல யாராவது லிஃப்டைத் திறப்பாங்களா? எல்லாரும் மேல போனப்புறம் பாத்துக்கலாம். காத்துக்கிட்டு நிக்கிறவங்க மூஞ்சியக் கொஞ்சம் பாரு!"

சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்கே சுருக்கென்று தைத்தது.

"என்னக்கா, என்னைத் திட்டிட்டு நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டீங்க?"

"உன்னை இல்லப்பா. உனக்குச் சொன்னது எனக்கும்தான்."

கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய 'வேலை நடக்கிறது' போர்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று சாயங்காலமும் அவர் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தார். போர்டைக் கம்ப்யூட்டர் மேல் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அப்டேட், டிரைவர், தூசி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தாள். எழுந்திருக்கும்போது போர்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். பேக்கரிக்குப் போன் போட்டு, "நாளைக்கு மட்டும் சீக்கிரம் போயிடாதீங்க" என்றாள். கெஞ்சலாகத்தான் சொன்னாள், அதில் என்ன வெட்கம்!

மறுநாள் இவள் வரும்போது அவர் வீட்டில்தான் இருந்தார். போட்டவுடன் திரையில் ஆறு ஓடியது. அவர் நம்பாமல் நின்றார். இவள் தரையில் உட்காரவில்லை. சோபாவில், அவர் பக்கம் திரும்பி, இரண்டு கன்ட்ரோலரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்டேட்?"

"நேத்தே போட்டாச்சு."

"தூசி?"

"தட்டியாச்சு."

அவர் குறும்பாகக் காதைச் சாய்த்தார். "ஃபேன் லேசா இரையுற மாதிரி இருக்கே?"

அவள் கை துறுதுறுத்தது. எழப்போனவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "இரையட்டும். நீங்க போனதும் பாத்துக்குறேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்தார். பிறகு சட்டை நுனியால் அவள் மூக்கைத் துடைத்தார்.

"கிரீஸ் ஒட்டியிருக்கு. எத்தனை நாளா இருக்கோ, இன்னைக்குத்தான் கண்ணுல படுது."

"போதும் போதும், துடுப்பைப் போடுங்க" என்றாள் அவள்.