பல் விளக்கிக் கெடுத்த பரிசோதனை

மாரண்டஹள்ளி சந்தையில் தக்காளிக் கூடையைத் தலைக்கு ஏற்ற முடியாமல் நின்றதுதான் என் நோயின் முதல் நாள். எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பத்திரண்டு வயது. தினமும் நானே தூக்கிச் சும்மாட்டின் மேல் வைக்கிற கூடை, அன்று முழங்கால் வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. என் கணவர் சவரிமுத்து ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். சந்தையே பார்த்தது. அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது.

அடுத்த சில மாதங்களில் உடம்பு பாதியானது. விரல் முட்டிகளும் உள்ளங்கை ரேகைகளும் கறுத்தன. வெயிலில் நின்றால் கறுக்கத்தான் செய்யும் என்றார்கள். உள்ளங்கையில் எந்த வெயில் அடிக்கிறது என்று கேட்டேன். உப்புக்கு நாக்கு அலைந்தது, ஊறுகாய் ஜாடிக்குள் விரலை விட்டு நக்கினேன். எழுந்து நின்றால் கண் இருட்டியது. பக்கத்து டாக்டர்கள் டானிக் எழுதிக் கொடுத்தார்கள். என் நாத்தனார் திடீரென்று என்னிடம் அன்பாகப் பேச ஆரம்பித்தாள். அப்போதுதான் நான் பிழைக்கமாட்டேன் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டது புரிந்தது.

கடைசியில் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர் என் ஈறுகளைப் பார்த்தார். அவையும் கறுத்திருந்தன. கார்டிசால் (உடம்பைத் தாங்கி நிறுத்தும் ஹார்மோன்) குறைந்திருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

சவரிமுத்து குறுக்கே வந்து நின்றார். அவருடைய அண்ணன், ரத்தம் எடுத்த மறுவாரமே இறந்துபோயிருந்தார்.

"இருக்கற ரத்தத்தையும் உறிஞ்சிட்டா இவ எப்படிங்க வூடு வந்து சேருவா?"

டாக்டர் கோபப்படவில்லை. "எச்சில்லயும் அந்த ஹார்மோன் கொஞ்சம் இருக்கும். இங்க புதுசா அளந்து பாக்கறோம். முதல்ல அதைப் பாக்கலாம்" என்றார். காலையில் எழுந்ததும் பிடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு சின்ன பாட்டிலைத் தந்தார்.

மறுநாள் காலை அந்தப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். படித்த பெண், என் உயிரைப் பார்ப்பவர். அவர் கையில் ஊத்தை வாய் எச்சிலைக் கொடுப்பதா? ஊரிலிருந்து பொட்டலம் கட்டி வந்த அடுப்புக்கரியையும் உப்பையும் எடுத்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அழுத்திப் பல் விளக்கினேன். பிறகு பாட்டிலை நிரப்பினேன். பெருமையாகக் கூட இருந்தது.

சில நாட்களில் முடிவு வந்தது. கார்டிசால் குறையவே இல்லையாம். இன்னொரு டாக்டர், "மனசுலதான் ஏதோ கவலை" என்று சீட்டு எழுதினார். "பாத்தியா, நோவே இல்லியாம்" என்று சவரிமுத்து துணிகளைப் பையில் திணித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கட்டிலிலிருந்து குழாயடிக்குப் போவதற்குள் இரண்டு முறை உட்கார்கிறேன், இதற்குப் பெயர் கவலையா?

கிளம்பும் நாள் காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வழியாக வந்த டாக்டரம்மா நின்றுவிட்டார். நான் துப்பியது சிவப்பாக இருந்தது.

"பாட்டில் குடுத்த அன்னிக்கும் இப்படித்தான் தேய்ச்சீங்களா?"

"பல்லு வெளக்காம உங்க கையில எப்படிங்க குடுக்கறது, டாக்டரம்மா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "தப்பு என்னோடதுதாங்க, நான் சொல்லியிருக்கணும்" என்றார். எச்சிலைவிட ரத்தத்தில் இந்த ஹார்மோன் பல மடங்கு அதிகமாம். ஈறிலிருந்து துளி ரத்தம் கலந்தாலே கணக்கு பொய்யாகிவிடும். என் மரியாதையே என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

ஊருக்குக் கிளம்புவதை நிறுத்திவிட்டு, மறுநாள் விடிந்ததும், விளக்காத வாயோடு, கூசிக்கொண்டே துப்பிக் கொடுத்தேன். இந்த முறை கார்டிசால் அடிமட்டத்தில் இருந்தது.

"எச்சில் சொல்லிடுச்சு. ஆனா இது புது முறை. ரத்தமும் சொன்னாத்தான் நான் துணிஞ்சு மருந்து குடுக்கமுடியும்" என்றார் டாக்டர். சவரிமுத்து மறுபடி வாயெடுத்தார்.

"கை என்னோடது. நீங்க வெளிய நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினேன்.

நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி) சுரக்கிறதா என்று பார்க்க ஓர் ஊசி போட்டு, அதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். சுரப்பி அசையவே இல்லை. அடிசன் நோய் (அட்ரீனல் செயலிழப்பு) என்று பெயர் சொன்னார்கள். பெயர் கிடைத்ததும் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் களி வேண்டும் என்று கேட்டேன். சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெங்களூரில் களிக்கு எங்கே போவது என்று தெரியாமல் ஓடினார்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எச்சிலா ரத்தமா என்று சண்டை போடாதீர்கள். எதைக் கொடுப்பதானாலும், அதற்கு முன் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மற்றவர்களுக்குக் காலையில் உடம்பே அந்த ஹார்மோனைச் சுரந்து எழுப்பிவிடுகிறது. எனக்கு நானேதான் எழுப்பவேண்டும்: விடிந்ததும் ஒரு மாத்திரை, சாயங்காலம் பாதி. முன்பு என் உடம்பு வண்டிமாடு போல, கேட்காமலே உழைத்தது. இப்போது தினமும் அதை விசாரிக்கிறேன்.

ஊர் திரும்பிச் சில மாதங்கள் கழித்து அதே சந்தைக்குப் போனேன். குனிந்து கூடையைப் பிடித்தேன். பழக்கதோஷத்தில் சவரிமுத்து மறுபக்கம் கை வைத்தார்.

"கைய எடுங்க."

எடுத்தார். முழங்கால், இடுப்பு, தோள், தலை. கூடை சும்மாட்டில் உட்கார்ந்தது. சந்தையே பார்த்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.