சித்தி பார்த்த பள்ளத்தாக்கு

சித்தி கல்யாணமாகி அமெரிக்கா போன மறு வருஷம், அம்மாவின் போனுக்கு அந்தப் படங்கள் வந்தன. பாலைவனத்தின் நடுவே பூமி பிளந்து கிடந்தது. அடுக்கடுக்காகச் சிவந்த பாறைகள், அடியில் நூல்போல ஓர் ஆறு. அது தேசியப் பூங்காவாம். பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் பூங்காதான் எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அங்கே போகவேண்டும் என்பதே என் ஒரே நினைப்பு. "நீ வா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சித்தி போனில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

என் தொல்லை தாங்காமல் அப்பா ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் பைக்கில் ஏற்றிப்போய், தான் வேலை பார்க்கும் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தை மேட்டிலிருந்து காட்டினார். இதைவிடவா அது பெரிது என்றார். அடியில் இயந்திரங்கள் கரியை வெட்டிக்கொண்டிருந்தன.

"இது நாம தோண்டுனதுப்பா. அது தானா ஆனது" என்றேன். அப்பா சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் சித்தி வந்தாள். மூன்று பெரிய பெட்டிகள். சித்தப்பாவுக்கு லீவு இல்லை என்று அம்மா பக்கத்து குவார்ட்டர்ஸில் சொன்னாள். நான் சித்தியை விடவில்லை. அந்தப் பள்ளத்தாக்குக்கு அவள் மூன்று முறை தனியாகவே பஸ்ஸில் போனாளாம். விளிம்பில் உட்கார்ந்து பேசுவாளாம்.

"யார்கிட்ட சித்தி?"

"யாருமில்ல. உங்க பேரெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லிக் கூப்பிடுவேன். உன் பேரு, அக்கா பேரு, மாமா பேரு."

எதிரொலி வந்ததா என்று கேட்டேன். ரொம்ப அகலம், திரும்பி வரவில்லை என்றாள். சத்தமாகக் கத்தியிருக்க வேண்டும், அடுத்த முறை நான் வந்து கத்துகிறேன் என்று தைரியம் சொன்னேன். சித்தி என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

பள்ளி திறந்தது. சித்தி போகவில்லை. வடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். எனக்குப் பயம் பிடித்தது. அவள் அங்கே இல்லாவிட்டால் என்னை யார் கூட்டிப்போவார்கள்? அவள் சீக்கிரம் திரும்பிப் போகவேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன். அதுவும் பலிக்காததால், ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டேன்.

"நீ எப்ப சித்தி உங்க வீட்டுக்குப் போவ?"

அம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. அதுவரை அவள் என்னை அடித்ததில்லை. அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"அடிக்காத அக்கா. அவளுக்கு என்ன தெரியும்" என்று சித்தி எச்சில் கையோடு என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். முதுகு வலிக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்டபடி தடவிக்கொடுத்தாள். நான் அழுதுகொண்டே இருந்தேன். முதுகு வலிக்கவே இல்லை. அந்தச் சிவப்புப் பாறைகளை இனி பார்க்கவே முடியாது என்றுதான் அழுதேன்.