ரெண்டு டம்ளர் மைதா

போன வாரம் கூரியரில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வந்தது. சமையலுக்கென்று நானே வாங்கியதுதான். ஒற்றை ஆள் சமையலுக்குத் தராசு எதற்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. வேண்டுமானால் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியதும் 'பீப்' என்றது. அந்தச் சத்தம் என்னைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி சோதிக்கும் லேபில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் அங்கே துணி செக்கர். துணியை வட்டமாக வெட்டி, எடை போட்டு, கனம் சரியா என்று சொல்ல வேண்டும். ரோலில் இறுகிக் கிடந்த துணியை அப்படியே நிறுத்தால் கணக்குத் தப்பிவிடும். பிரித்துப் போட்டு, ஒரு நாள் தளரவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அவசரப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

அந்த வருடம் ஷிப்மென்ட் நெருக்கியதில், முதல்முறையாகக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக முடியவில்லை. திருப்பூர் ராயபுரத்தில் என்னோடு அறையில் இருந்த மூன்று பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், அம்மா கலந்து தரும் மாவை பேக்கரி அடுப்பில் கொடுத்து வேகவைத்து வாங்குவோம். அந்தக் கேக் கையில் இருந்தால் தனியாக இருப்பது உறைக்காது என்று நினைத்தேன்.

தெருமுனை பேக்கரி மாஸ்டரிடம் கேட்டேன்.

"டம்ளர் கணக்கெல்லாம் நமக்கு ஆகாதுங்க. கிராம்ல சொல்லுங்க, நானே போட்டுக் குடுத்தறேன்."

எஸ்.டி.டி. பூத்தில் அம்மாவைப் பிடித்தேன்.

"எடையா? அத யாருல கண்டா? நம்ம நசுங்குன டம்ளர்ல ரெண்டு. அவ்வளவுதான்."

பாத்திரக் கடையில் ஏறக்குறைய அதே அளவில் ஒரு டம்ளர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத லேபுக்குள் மைதா பாக்கெட்டோடு நுழைந்தேன். கருநீலத் துணிக்குப் பக்கத்தில் மைதா! இன்சார்ஜ் பார்த்திருந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்திருக்கும். டம்ளரில் இடைவெளி இருக்கக் கூடாதென்று மாவைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி நிரப்பினேன். ஒரு டம்ளருக்கு இருநூற்றுப் பத்து கிராம். துண்டுச் சீட்டில் பெருமையாக எழுதிக் கொடுத்தேன்.

கேக் செங்கல்லாக வந்தது. மாஸ்டர் என் டம்ளரை வாங்கி, மாவை உதிரியாக அள்ளிப் போட்டு நிறுத்தார். நூற்றைம்பத்தைந்து.

"ஏனுங்க, துணியத் தளர உட்டு நிறுக்கோணும்னு ஊருக்கே சொல்றீங்க. மாவ மட்டும் இப்புடி அமுக்கிப் போட்டீங்களே!"

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அறைக்கு வந்து, மூன்று காலிப் பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்தக் கேக்கைக் காப்பியில் நனைத்து நனைத்துத் தின்றேன். அழுகையாக வந்தது. பிறகு முகம் கழுவிக்கொண்டு பூத்துக்குப் போனேன்.

"கேக் எப்படில வந்துச்சு?"

"உங்க கேக் மாதிரியே இருந்துச்சும்மா."

"பொய் சொல்லாத. அடுத்த வருசம் வா, நம்ம டம்ளர எடுத்து நீயே நிறுத்துப் பாத்துக்க."

அடுத்த வருடமும் ஷிப்மென்ட் வந்தது. அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கு அம்மா இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் சமையலறையில் தேடிக்கொண்டிருந்த என்னிடம் அக்கா சொன்னாள்: "அந்த நசுங்குனதா? அம்மா படுத்திருக்கையிலயே பழைய பாத்திரத்தோட போட்டு வாளி வாங்கியாச்சே."

இப்போது எந்தக் கப்புக்கு எத்தனை கிராம் என்று போனே சொல்லிவிடுகிறது. மேசையில் தராசு இருக்கிறது, மைதாவும் வாங்கி வைத்திருக்கிறேன். தராசில் வைக்க அந்த டம்ளர்தான் இல்லை.